புள்ளி வெச்ச வீடு

அதத்தான் சார் நானும் சொல்றேன்... 'வீட்டுக்கிட்ட'ன்னா இந்தக் கம்ப்யூட்டர் ஒத்துக்காது. 'தெருமுனைக்கு இந்தப் பக்கம்'னாலும் ஒத்துக்காது. இதுக்கு ஒரு புள்ளி வேணும். ஊசிமுனை அளவுக்கு ஒரு எடம். காணாமப் போறதுக்கு முன்னால உங்க ஸ்கூட்டர் கேட்டுக்கு உள்ள நின்னுச்சா, வெளிய நின்னுச்சா, இல்ல பக்கத்து வீட்டுச் சுவர ஒட்டி நின்னுச்சா... யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல. இது இன்னும் தொறக்கவே இல்ல. அந்த வட்டம் சுத்துது பாத்தீங்களா, அது சுத்தி முடிக்கிற வரைக்கும் நீங்களும் நானும் இப்பிடியே மொகத்த மொகம் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். ஹெல்மெட்ட ஏன் மடியில வெச்சிருக்கீங்க, மேஜைல வைங்க. கால நீட்டாதீங்க, கீழ ஒரு தையல் மெஷின் கெடக்கு. ஏதோ ஒரு கேஸ்ல பறிமுதல் பண்ணினது. கேஸும் முடிஞ்சுது, கேஸ் போட்டவங்களும் போய்ச் சேந்துட்டாங்க, மெஷின் மட்டும் இங்கயே கெடக்கு. இந்த ரூமே மொதல்ல பறிமுதல் சாமான் போட்டு வைக்கிற ரூம்தான். கம்ப்யூட்டர் வருதுன்னதும் மத்த சாமானையெல்லாம் வராந்தாவுக்குத் தள்ளிட்டு, கம்ப்யூட்டரையும் என்னையும் உள்ள தள்ளிட்டாங்க.

இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு சார் நான் போலீஸுக்கு வந்து. ஏட்டம்மான்னா இந்தச் சுத்துவட்டாரத்துல தெரியாதவங்க கெடையாது. முன்னால என்ன... ஒருத்தர் வருவாரு, அழுவாரு, நான் தண்ணி குடுப்பேன், நோட்டுல எழுதுவேன், கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிருவேன். சாமான் கெடைக்குதோ இல்லியோ, அவருக்கு மனசாறும். இப்ப அழுறதுக்குக்கூட நேரமில்ல. மூக்க உறிஞ்ச ஆரம்பிக்கும்போதே 'எந்த எடம், எந்த எடம்'னு இது கேக்க ஆரம்பிச்சுருது.

மேப்புங்கிறது ஒண்ணும் புதுசில்ல. இந்தச் செவுத்துலயே பெரிய காயிதத்துல ஒண்ணு மாட்டியிருந்துச்சு, ஆணி அடிச்ச ஓட்டை இன்னும் இருக்கு பாருங்க. வீடு பூந்து திருடினா செவப்புக் குண்டூசி, வண்டித் திருட்டுன்னா நீலம், அடிதடின்னா மஞ்சள். ஃபேன் போட்டா காயிதம் ஆடும், நாலு குண்டூசி கீழ விழும். ஒரு தடவ கூட்டுற அம்மா விழுந்ததையெல்லாம் பொறுக்கி, எங்கெங்க காலியா இருக்கோ அங்க, கலர் பொருத்தம் பாத்து, வரிசையா குத்தி வெச்சிருச்சு. மூணு மாசம் அத வெச்சுத்தான் ரோந்து போனோம். ஒருத்தரும் கண்டுபிடிக்கல. திருட்டு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. இதச் சொன்னா எங்க இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குச் சிரிப்பு வராது. அதனால நான் சொல்றதில்ல.

அப்பறம்தான் பெரியவரு வந்தாரு. எல்லா ஸ்டேஷனுக்கும் மேல இருக்கிற அதிகாரி, எங்களுக்குள்ள பெரியவருன்னுதான் பேரு. வந்த அன்னிக்கே காயிதத்தக் கழட்டுன்னுட்டாரு. இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்ல. ஒவ்வொரு புகாருக்கும் நடந்த எடத்துல ஒரு புள்ளி. புள்ளி சேரச் சேர அந்த எடம் மஞ்சளாகும், அப்பறம் ஆரஞ்சு, அப்பறம் நல்ல ரத்தச் செவப்பு. செவப்பு எங்கயோ அங்க போலீஸ் போய் நிக்கணும். போகப் போக, அடுத்தது எங்க நடக்கும், எப்ப நடக்கும்னு அதுவே முன்கூட்டிச் சொல்லுமாம். சொல்லிக்குடுக்க ஒரு அம்மா வந்துச்சு, கழுத்துல ஒரு அட்டையத் தொங்கவிட்டுக்கிட்டு. ஒன்றரை நாள் கிளாஸ். மொத நாள் பூரா எங்க ஆளுங்க மவுஸப் பிடிக்கக் கத்துக்கறதுலயே போயிருச்சு. மறுநாள் அரை நாள்ல மிச்சத்தச் சொல்லிட்டு அந்தம்மா பஸ் ஏறிருச்சு.

நீங்களே சொல்லுங்க சார். பஸ்ல போறப்ப செல்போன அடிச்சுட்டாங்கன்னு ஒரு வாத்தியார் வர்றாரு. பஸ் எங்க இருந்துச்சுன்னா, ஓடிக்கிட்டிருந்துச்சுங்கறாரு. ஏறுறப்ப போன் இருந்துச்சாம், எறங்குறப்ப இல்லியாம். நடுவுல பதினோரு ஸ்டாப். நான் எங்க புள்ளி வைக்கிறது? இன்னொருத்தர், நாப்பது வயசு இருக்கும். கம்ப்யூட்டர்ல ஒரு பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிறேன்னு எட்டு மாசம் பேசிட்டு ஆளே காணாமப் போயிருச்சு. பாத்தா, அந்தப் பொண்ணு பொண்ணே இல்லியாம். குற்றம் நடந்த எடம் எதுங்கன்னேன். நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டு, இங்கதாங்க மேடம்னாரு. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா மேப்புல நெஞ்சு எங்க இருக்கு?

புள்ளி வெக்காம 'சேமி'ங்கிற பொத்தான் எரியாது. சேமிக்கலன்னா நான் வேலையே பாக்கலன்னு மேல தெரியும். அதனால என்ன பண்ணினேன்... எடம் தெரியாததுக்கெல்லாம், மேப்பு எங்க தொறக்குதோ அங்கயே ஒரு தட்டு. சேமி. அடுத்தது.

அது தொறந்ததும் நட்டநடுவுல ஒரு வீடு வந்து நிக்கும். வானத்துலேர்ந்து எடுத்த படம். நீலக் கலர் தண்ணித் தொட்டி, மாடியில ஒரு ரூம், முன்னால ஒரு சின்ன கேட்டு. எப்பத் தொறந்தாலும் அங்கயேதான் தொறக்கும். மெஷின் பண்ற வேலைக்கு நான் என்ன பண்றது?

யாரு வீடுன்னு நெனைக்கிறீங்க? என் தம்பி வீடு.

கூடப் பொறந்தவன்தான் சார். எனக்கு நாலு வயசு எளையவன். அச்சாபீஸ்ல பிழை திருத்துறான். ஒரு எழுத்துக்குத் துணைக்கால் விட்டுப்போயிருந்தாக்கூட அவனுக்குச் சோறு எறங்காது. கொரல ஒசத்திப் பேசத் தெரியாது, யாரையும் சந்தேகப்படத் தெரியாது. பொண்டாட்டி அவனுக்குச் சேத்துப் பேசுவா. அவ மாடியில ஒரு ரூம் எடுத்துக் கட்டி, வேலைக்குப் போறவங்களோட கைக்கொழந்தைங்களப் பாத்துக்கிட்டிருந்தா. காலைல விட்டுட்டுப் போவாங்க, சாயங்காலம் வந்து தூக்கிட்டுப் போவாங்க. பதினாலு கொழந்தைங்க. கெட்டிக்காரிதான், அத ஒத்துக்கணும். பதினாலும் ஒரே நேரத்துல தூங்கும் அவகிட்ட.

மொத மாசம் பத்தொம்போது புள்ளி விழுந்துருச்சு அந்த வீட்டுமேல. பஸ்ல போன போன், வழியில விழுந்த சங்கிலி, அந்த நெஞ்சுக்காரரு, எல்லாம் அங்கதான். மாசக் கடைசியில பெரியவரு மீட்டிங் போட்டாரு. நாங்க பொம்பளைங்க கடைசி வரிசை. வெளக்க அணைச்சுட்டு, செவுத்துல மேப்பப் போட்டாங்க. ஊரே வெளுப்பா கெடக்கு, நடுவுல ஒரே ஒரு எடம் மட்டும் புண்ணு மாதிரி செவந்திருக்கு. பெரியவரு கையில செவப்பு வெளிச்சம் அடிக்கிற ஒரு குச்சி. அத வெச்சு வட்டம் போட்டாரு. பெருசு பண்ணுன்னாரு. பெருசு பண்ணினா... ஆறடி ஒசரத்துக்கு என் தம்பி வீட்டுத் தண்ணித் தொட்டி. இந்த எடத்தப் பத்தி ஒங்களுக்குத் தெரியுமான்னு இன்ஸ்பெக்டர் ஐயாவப் பாத்துக் கேட்டாரு. எங்க ஐயா அந்தத் தெருப் பக்கம் போனதே கெடையாது. ஆனா மேலதிகாரி கேட்டா தெரியாதுன்னு சொல்லலாமா? ரொம்ப நாளா எங்க கண்ணு அங்கதாங்கய்யா இருக்குன்னுட்டாரு.

இன்னொண்ணும் சொல்லுச்சு கம்ப்யூட்டர். அடுத்த சம்பவம் செவ்வாக்கெழம காலைல பதினோரு மணிக்குன்னு. எல்லாரும் அசந்துட்டாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும், நான் பாக்கி வெச்ச புகாரையெல்லாம் சேத்து ஏத்துறது செவ்வாக்கெழம பதினோரு மணிக்குன்னு. நடந்த நேரம் தெரியலன்னா அதுவே அப்போதைய மணியப் போட்டுக்கும். அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். சொல்லல. ஐயா அவ்வளவு கம்பீரமா சொன்னதுக்கு அப்பறம் நான் எந்திரிச்சு, இல்லீங்கய்யா அது என் தம்பி வீடுன்னா, அவரு மொகம் என்னாகும்?

ஆ... தொறந்துருச்சு பாருங்க. உங்க தெரு எது? இருங்க இருங்க, நகத்துறேன்... இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடியா? சரி. மாடி வீடா, தனி வீடா? மேல காலியா இருக்கா, வாடகைக்கு விடப் போறீங்களா... நல்லது, நல்லது. வீட்டக் கண்டுபிடிக்கிறேன், அதுக்குள்ள கேளுங்க.

எங்க ஸ்டேஷன்லேர்ந்து ரெண்டு பேரப் போட்டாங்க. ஒருத்தன மீசைன்னு கூப்பிடுவோம், இன்னொருத்தன ஒல்லின்னு. செவ்வாக்கெழம பதினோரு மணிக்குச் சரியா தம்பி வீட்டு கேட்டுக்கு எதுத்தாப்புல போய் நின்னாங்க. அது கொழந்தைங்க தூங்குற நேரம். பெரியவருக்குக் கேக்கணும்னோ என்னமோ, மீசை ஒரு விசில் அடிச்சான். பதினாலும் எந்திரிச்சு வீல்னு கத்த ஆரம்பிச்சுருச்சுங்க. ரோந்து போனா ஏதாவது எழுதணுமில்ல? 'வீட்டினுள்ளிருந்து பலரின் அழுகுரல்'னு எழுதிட்டு வந்துட்டான். அது வந்தது யாருகிட்ட? என்கிட்டதான். ரோந்துல எழுதினத மாத்துற அதிகாரம் எனக்கு இல்ல சார். ஏத்தினேன். ஒரு புள்ளி.

அடுத்த வாரம், காலைல பல பேர் பைகளோட உள்ள போறாங்க, உடனே வெறுங்கையோட வெளிய வர்றாங்கன்னு எழுதினான் ஒல்லி. கொழந்தையையும் அதோட பையையும் விட்டுட்டு ஆபீஸ் ஓடுறவங்க சார். அதுக்கு ஒரு புள்ளி. சாயங்காலம் அதே ஆளுங்க ஆளுக்கு ஒரு பொட்டணத்தத் தோள்ல போட்டுக்கிட்டுப் போறாங்கன்னு எழுதினான். பொட்டணமில்ல, தூங்குற புள்ளைங்க. இன்னொரு புள்ளி. கம்ப்யூட்டர் பாத்துச்சு, இவ்வளவு போலீஸ் போட்டும் கூடுதேன்னு, ரெண்டு பேர நாலாக்கச் சொல்லுச்சு. நாலு பேர் போனா நாலு பேர் எழுதுவாங்க.

தம்பி என்ன பண்ணினான் தெரியுமா? வெயில்ல நிக்கிறாங்களேன்னு நாற்காலி போட்டுக் குடுத்தான். தண்ணி குடுத்தான். எங்க அக்காவும் உங்க ஸ்டேஷன்தான்னு பெருமையா சொன்னானாம். 'சந்தேகத்துக்கிடமான இடம்'னு ஒரு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாங்க அவன் கேட்டுல. அதுல மூணு எழுத்துப் பிழை. அவன் அத மெதுவா உரிச்சு, செவப்பு மையில திருத்தி, வேற நல்லதா அடிச்சு ஒட்டிக்கோங்கன்னு மீசைகிட்டயே குடுத்துவிட்டான். குத்தலா பண்ணல சார். அவன் அப்பிடித்தான்.

அதோட விட்டிருந்தாலும் பரவால்ல. பொதுமக்களும் பாக்கட்டும்னு பெரியவரு அந்த மேப்ப எல்லாரோட போனுக்கும் வர்ற மாதிரி பண்ணிட்டாரு. மொத நாள் ஒரு அம்மா வந்து, கொழந்தைய இனிமே எங்க மாமியாரே பாத்துக்கறாங்கன்னு சொல்லிட்டுத் தூக்கிட்டுப் போயிருச்சு. அந்தம்மாவுக்கு மாமியாரே கெடையாது. மறுநாள் ரெண்டு பேரு. அதுக்கு அடுத்த வாரம் அஞ்சு. ஒருத்தர் மட்டும்தான் நேராக் கேட்டாராம், உள்ள என்னதாங்க நடக்குதுன்னு. என்ன நடக்குதுன்னு தம்பி பொண்டாட்டி மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினா. தொட்டிலு, பாய், பால்புட்டி, செவுத்துல ஒட்டின பொம்மைங்க. அந்த மனுஷன் எல்லாத்தையும் பாத்துட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா செவப்பா இருக்கேன்னு போனக் காட்டினாராம்.

பதினாலு மூணாச்சு. அப்பறம் ஒண்ணுமில்ல.

தம்பி மனு எழுதிட்டு வந்தான். எங்க வீட்டுல எந்தக் குற்றமும் நடக்கல, தயவுசெஞ்சு செவப்ப எடுத்துருங்கன்னு, பிழையில்லாம, முத்து முத்தா. இன்ஸ்பெக்டர் ஐயா படிச்சுட்டு, ஏட்டம்மா இதப் பதிவு பண்ணுங்கன்னாரு. மனுவும் புகார்தான், புகாருக்கு எடம் வேணும், எடம் அந்த வீடு. தம்பி எதுத்தாப்புல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கான், நான் ஒரு புள்ளி வெக்கிறேன். அதோட அறுபத்தியொண்ணு.

இந்தா இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே மாதிரிதான் உக்காந்திருந்தான். ஐயா வெளிய போனதும் கொரலத் தாழ்த்திக்கிட்டுக் கேட்டான். "அக்கா, அறுபது குற்றம்னு சொல்றாங்க. ஒண்ணே ஒண்ணு என்னன்னு சொல்லு. நான் வேலைக்குப் போனதுக்கப்பறம் வீட்டுக்கு யாராவது வர்றாங்களா? எனக்குத் தெரியாம அவ ஏதாவது... மறைக்காத அக்கா. தாங்கிக்குவேன்."

யாரையும் சந்தேகப்படத் தெரியாதவன் சார் அவன். அவன் வாயில அது வந்துச்சு. அதுக்கு முந்தின வாரம்தான் அவன் பொண்டாட்டி எனக்குப் போன் பண்ணி அதையே கேட்டா, அண்ணி, இவரு அச்சாபீஸ்ல ஏதாவது அடிக்கக் கூடாதத அடிக்கிறாரா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ஒரே தட்டக் கழுவி வெச்சுக்கிட்டு, ஒருத்தர ஒருத்தர் ஓரக்கண்ணால பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? விசாரணையில இருக்குடா, வெளிய சொல்லக் கூடாதுன்னேன்.

அவன் தலைய ஆட்டினான். எந்திரிச்சான். வாசல் வரைக்கும் போயிட்டு, நீ சாப்பிட்டியா அக்கான்னு கேட்டுட்டுப் போனான்.

மறுநாள் புள்ளிய எடுக்கறதுக்கு வழி இருக்கான்னு பாத்தேன். இருக்கு சார், ஒரு படிவம் இருக்கு. எதுக்காக எடுக்கணும்னு காரணம் கேக்கும், ரெண்டுல ஒண்ணத்தான் தொடலாம். ஒண்ணு, 'தவறான பதிவு'. அதத் தொட்டா கீழ இன்னொரு கட்டம் தொறக்கும், பதிவு பண்ணினவர் பேரு, நம்பர், விளக்கம். இன்னொண்ணு, 'காவல்துறை நடவடிக்கையால் தீர்ந்தது'. அதத் தொட்டா எதுவும் கேக்காது, உடனே ஏத்துக்கும்.

எனக்கு எஸ்.ஐ. ப்ரமோஷன் லிஸ்ட் ஓடிக்கிட்டிருக்கு. இருபத்திரெண்டு வருஷம் கழிச்சு மொத தடவையா பேரு போயிருக்கு. அறுபத்தியோரு தடவ என் பேரையும் நம்பரையும் எழுதி, 'தவறு, தவறு, தவறு'ன்னு அனுப்பினா, மேல உக்காந்திருக்கிறவன் என்னப் பத்தி என்ன நெனைப்பான்? யோசிச்சேன் சார். மூணு நாள் யோசிச்சேன். யோசிச்சுட்டு ரெண்டாவதத் தொட்டேன். அறுபத்தியொண்ணையும்.

செவப்பு போயிருச்சு. ஆனா பழைய நெறத்துக்கு வரல. பச்சை ஆயிருச்சு. பச்சைன்னா, குற்றம் ஒழிக்கப்பட்ட எடமாம். யாரு கண்டா? அந்த ஒன்றரை நாள் கிளாஸ்ல அதச் சொல்லவே இல்ல.

பெரியவருக்குச் சந்தோஷம் தாங்கல. அறுபத்தியோரு குற்றத்த ஒரே வாரத்துல ஒழிச்ச ஸ்டேஷன்னு விழா எடுத்துட்டாரு. பெரிய ஹாலு, மைக்கு, ரெண்டு பத்திரிகைக்காரங்க. எங்க இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு மெடல். மீசைக்கும் ஒல்லிக்கும் ஆளுக்கு ஒரு கடிகாரம். நல்லாப் பதிவு பண்ணினதுக்காக எனக்கு ஒரு சர்ட்டிபிகேட், கண்ணாடி போட்டு. அப்பறம், ஒத்துழைப்புக் குடுத்த வீட்டுக்காரர்னு தம்பியையும் மேடைக்குக் கூப்பிட்டாங்க. தேய்ச்ச சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னான். பெரியவரு அவன் தோள்ல கையப் போட்டு, போன மாசம் வரைக்கும் இவரு வீடு குற்றத்தோட கோட்டையா இருந்துச்சு, இன்னிக்குத் திருந்திருச்சுன்னு பேசினாரு. அவன் என்னமோ சொல்ல வாயெடுத்தான், அதுக்குள்ள போட்டோ எடுத்துட்டாங்க.

என் பேரக் கூப்பிட்டாங்க. நான் மேடை ஏறுறப்ப ஹாலே சத்தமில்லாம இருந்துச்சு. மொதல்ல கை தட்டினது என் தம்பி. எங்க அக்காதான் சரி பண்ணிக் குடுத்தாங்கன்னு பக்கத்துல நின்ன ஒல்லிகிட்ட சொல்லிக்கிட்டே தட்டினான்.

எறங்கி வர்றேன், படிக்கட்டுக்குக் கீழ அவன் பொண்டாட்டி நிக்கிறா. சிரிச்ச மொகம்தான். என் கையில இருந்த சர்ட்டிபிகேட்ட வாங்கிப் பாத்தா, திருப்பிக் குடுத்தா. அப்பறம் மெதுவா கேட்டா. "அண்ணி, இப்ப அளந்தாலும் மூணு அடி வருதா?"

என்ன பாக்குறீங்க... அதையும் சொல்லிடுறேன். உங்களுக்கென்ன, நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ. எங்கப்பா விட்டுட்டுப் போன மனை ஒண்ணு, ரெண்டாப் பிரிச்சது. ஒரு பாதியில அவன் வீடு, மறுபாதி என்னது, சும்மாக் கெடக்கு. அவன் பொண்டாட்டி மாடி ரூம் கட்டுறப்ப என்ன ஒரு வார்த்த கேக்கல. நான் இங்க குவார்ட்டர்ஸ்ல, சொட்டுற கொழாய்க்கு அடியில வாளி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், இவ மாடி மேல மாடி கட்டுறா. கம்ப்யூட்டர் வந்த மொத நாளே, எல்லாரும் மவுஸப் பிடிச்சுப் பழகிட்டிருக்கிறப்ப, நான் அந்த வீட்டத் தேடிக் கண்டுபிடிச்சேன். அளக்கிறதுக்கு அதுல ஒரு கோடு இருக்கு. அளந்தேன். அவ மாடி செவுரு என் மனைக்குள்ள மூணு அடி. அந்த ஞாயித்துக்கெழமையே அவங்க வீட்டுக்குச் சாப்பிடப் போயி, எல, தண்ணி எதுவும் வைக்கிறதுக்கு முன்னாலயே சொல்லிட்டேன், போலீஸ்காரிகிட்ட மறைக்க முடியாது, உக்காந்த எடத்துலேர்ந்தே அளந்துட்டேன்னு. அவ பரிமாறினா. அதுலேர்ந்து ரெண்டு மூணு தடவ திரும்பத் திரும்ப அளந்தேன். கோடு போட்டு அளந்த எடத்துலயேதான் இது எப்பவும் தொறக்கும்னு எனக்கு அப்பத் தெரியாது.

விழாவுக்குக் கிளாஸ் எடுத்த அந்தக் கழுத்துல அட்டை போட்ட அம்மாவும் வந்திருந்தாங்க, முடிஞ்சதும் பிடிச்சு அந்த மூணு அடியப் பத்திக் கேட்டேன். அவங்க சிரிச்சாங்க. வானத்துலேர்ந்து படம் சாய்வா எடுக்கறதால மாடி எல்லாமே ஒரு பக்கம் சாஞ்ச மாதிரிதான் தெரியுமாம், மூணு அடி நாலு அடி வித்தியாசம் வருமாம். அத வெச்சு யாரும் மனை அளக்க மாட்டாங்களேம்மான்னாங்க.

சரி, இவ்வளவு சொல்லிட்டு அத மட்டும் விடுவானேன். மொத வாரம் நெசமாவே தெரியாமத்தான் சார் புள்ளி வெச்சேன், அவசரத்துல. ரெண்டாவது வாரம் தண்ணித் தொட்டியப் பாத்துட்டேன். கண்ணு தெரியாதா எனக்கு? ரெண்டு தட்டு தட்டினா நகந்திருக்கும். கெடக்கட்டும்னு விட்டேன். வாசல்ல ரெண்டு போலீஸ்காரன் நின்னா அவளுக்குக் கொஞ்சம் அடங்கும்னு நெனச்சேன். கொஞ்சம்தான் நெனச்சேன். இது கொஞ்சத்தோட நிக்குமா?

இப்ப கொழந்தைங்க அஞ்சு வருதாம். மத்தவங்க, பச்சைன்னா முன்னால செவப்பா இருந்ததுதானேங்கறாங்க. அவ என்கிட்டப் பேசறதில்ல. தம்பி ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணுவான், ப்ரமோஷன் வந்துச்சா அக்காம்பான். லிஸ்ட் வரட்டும், வந்த அன்னிக்கே அவன உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லிடணும்னு இருக்கேன். எடம் தெரியாத புகாரையெல்லாம் இப்ப ரவுண்டானா நடுவுல இருக்கிற நீரூத்துல வெச்சுடுறேன், அங்கதான் யாரும் குடியிருக்கல. மீசையும் ஒல்லியும் போன வாரத்துலேர்ந்து அந்தத் தண்ணியச் சுத்தித்தான் நிக்கிறாங்க.

நீங்க பயப்படாதீங்க, உங்க எடம்தான் நல்லாத் தெரியுதே. இந்தா, உங்க வீடு. மேல காலி போர்ஷனு, படிக்கட்டு, முன்னால கேட்டு... எவ்வளவு தெளிவாத் தெரியுது பாருங்க. இங்கதான நின்னுச்சு வண்டி? சரியா இந்த எடத்துல ஒரு...

ஏன் எந்திரிச்சிட்டீங்க? என்னது... வண்டி கெடச்சிருச்சா? இப்பவா? போன் எங்க அடிச்சுது, எனக்குக் கேக்கலியே. மச்சினன் எடுத்துட்டுப் போயிருக்காரா... சொல்லாம எடுத்துட்டுப் போயிட்டாரா. ஓஹோ. ரெண்டு நாளா வெச்சிருந்தாரா. சரி சார். இல்ல இல்ல, நான் எதுக்குத் தப்பா நெனைக்கப் போறேன். இந்தாங்க, ஹெல்மெட்ட விட்டுட்டுப் போறீங்க. பாத்துப் போங்க, வெயிலு. நடந்தா போறீங்க? பஸ்ஸு இந்நேரத்துக்கு வராதே... சரி, சரி.

என்னங்கய்யா? இல்லீங்கய்யா, புகார் ஒண்ணுமில்ல. வழி கேட்டு வந்தவரு.